பயமில்லாக் குளத்து ஆள்காட்டி

கருவேலங்காட்டுக் குளத்தில் ஒரு முதலை இருந்தது. அது இருப்பது எல்லா விலங்குகளுக்கும் தெரியும். அந்த முதலை யாரோடும் பேசியதில்லை, யாரையும் திட்டியதில்லை, எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. தண்ணீருக்கு மேலே அதன் கண்மேடு இரண்டும் தெரியும். சிறிது நேரத்தில் அவையும் தெரியாது. பயப்பட வேண்டிய நேரம் அதுதான்.

கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது. நெட்டைக் கால், சிவந்த மூக்கு, காட்டையே எழுப்பும் தொண்டை. கண்மேடு தண்ணீருக்குள் இறங்கியதும் அது "டிட்டீ! டிட்டீ!" என்று கத்தும். குடித்தவை, குடிக்காதவை எல்லாம் அப்படியே மேட்டுக்கு ஓடிவிடும். இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் உயிர் பிழைத்தவை மட்டும் ஏராளம்.

காதறுந்த மான் அவற்றில் ஒன்று. இரண்டு கோடைக்கு முன் அது குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது குருவி கத்தியது. மான் வெடுக்கென்று தலையைத் தூக்கியது. முதலைக்கு இடது காதில் பாதிதான் கிடைத்தது.

அந்த ஆண்டு மயில் காட்டுக்குத் தலைவரானது. வனத்துறை பங்களா முற்றத்தில் வளர்ந்த மயில் அது. அங்கே வருகிறவர்கள் கொறித்த பிஸ்கட்டையும் பேசிய புதுக் கருத்துகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்றிருந்தது. மேடை ஏறினால் இறங்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அது குளத்தில் தண்ணீர் குடித்ததே இல்லை. பங்களாவின் சிமென்ட் தொட்டியில்தான் குடிக்கும்.

பங்குனி பிறந்ததும் மயில் குளக்கரையில் கூட்டம் போட்டது.

"அன்பார்ந்த வனவாழ் பெருமக்களே! நம் குளத்தைப் பீடித்த நோய் எது? முதலையா? இல்லவே இல்லை! பயம்! அந்தப் பயத்தை நாள்தோறும் நமக்கு ஊட்டுவது யார்? அதோ, அந்தக் குருவி!"

எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"முதலையின் மனம் என்ன பாடுபடும் என்று யாராவது நினைத்தீர்களா? அது தன் சொந்தத் தலையைத் தன் சொந்தக் குளத்துக்குள் இழுத்துக்கொண்டால் ஒரு கூச்சலா? எத்தனை தலைமுறையாக இந்த அவமானம்!"

காட்டுப்பன்றி தன் மனைவியின் காதைக் கடித்தது. "முதலை அப்படிச் சொல்லுச்சா? எப்ப சொல்லுச்சு?"

"சும்மா இருங்க! நம்மளப் பிற்போக்குன்னு சொல்லிரப் போறாங்க!" என்றது மனைவி.

பன்றி சும்மா இருந்தது. 'பிற்போக்கு' என்பது அந்தக் காட்டில் புதிதாக வந்திருந்த சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் வாங்கிய நரியோடு பத்து நாளாக யாரும் பேசவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செயலாளர் முயல் தீர்மானத்தை வாசித்தது. இனிமேல் குளத்தின் பெயர் பயமில்லாக் குளம். எச்சரிக்கைக் குரல் எழுப்ப விரும்புவோர் அமைதிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். குழு வியாழக்கிழமைதோறும் கூடும். அனுமதியின்றிக் கத்துவோருக்குக் கரையில் குடியிருக்கும் உரிமை கிடையாது.

"ஆதரிப்போர் காலைத் தூக்கலாம்!" என்றது மயில்.

எல்லாக் கால்களும் எழுந்தன. காதறுந்த மான் முதலில் பாதிதான் தூக்கியது. இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு முழுதாகத் தூக்கியது.

கூட்டம் கலைந்து வெயில் தாழ்ந்ததும் அந்த மான் குருவியிடம் மெல்ல வந்தது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. என் உசிரு நிக்கிறதே உங்க தொண்டையாலதான்."

"அப்புறம் ஏன் காலத் தூக்குன?"

"எல்லாரும் தூக்குனாங்களே! நான் ஒருத்தி மட்டும் தூக்காம நின்னா மந்தையில சேப்பாங்களா? புதருக்குள்ள பச்சக் குட்டி கெடக்கு. அதை வெச்சுக்கிட்டு நான் தனியா எங்க போவேன்?"

"உனக்கு முன்னாடி பன்னி வந்துச்சு. அதுக்கு முன்னாடி கீரி வந்துச்சு. எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. எல்லாரும் காதுலதான் சொல்றீங்க!"

"நீங்க மட்டும் கத்தாம இருந்துராதீங்கக்கா!"

"கத்துனா என் முட்டைங்களுக்கு யாரு கதி?"

கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் கிடந்தன. இட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குருவிக்குச் சிறகு உண்டு, எங்கு வேண்டுமானாலும் போகலாம். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது வாயை மூடிக்கொண்டது.

பத்து நாள் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. முதலில் தயங்கித் தயங்கிக் குடித்த விலங்குகள் இப்போது முழங்கால் தண்ணீரில் நின்று கதை பேசின. மயில் ஒரு பாராட்டு விழா வைத்தது.

முயல் அறிக்கை வாசித்தது: "கடந்த பத்து நாளில் எச்சரிக்கைக் குரல்கள், பூஜ்யம்! ஆகவே குளத்தில் ஆபத்து நூறு சதவீதம் ஒழிந்தது!"

ஒரே கைத்தட்டல். குருவிக்குத் தேக்கிலையில் பொன்னாடை போர்த்தினார்கள். 'அமைதிச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். அது தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பத்து நாளாக அந்தக் கண்மேடுகள் கரைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருந்தன என்று அது ஒன்றுக்குத்தான் தெரியும்.

மறுநாள் உச்சிவேளையில் மயில் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த விருந்தினருக்குக் குளத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. மான் மந்தை தண்ணீரில் இறங்கியது. காதறுந்த மான் தன் குட்டியோடு வந்தது. குட்டி அன்றுதான் முதன்முதலாகக் குளத்தைப் பார்க்கிறது. அது எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. மயில் யாரென்றுகூட அதற்குத் தெரியாது.

குருவி முட்டைகளின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. மந்தைக்கு எதிரே, மூன்று முழத் தூரத்தில், கண்மேடுகள் இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின.

அன்று செவ்வாய்க்கிழமை. குழு கூட இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கத்தினால் வீடு போகும். முட்டைகள் வெயிலில் வெந்துபோகும். கத்தாவிட்டால்? குட்டி மான் தண்ணீரில் தெரிந்த தன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் குருவியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"டிட்டீ! டிட்டீ! டிட்டீ!"

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. ஆனால் ஒரு தலைகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லாம் மயிலைப் பார்த்தன! ஓடலாமா? ஓடினால் தப்பாகிவிடுமா? பக்கத்தில் நிற்கிறவர் ஓடுகிறாரா? விருந்தினர் எதிரே அவமானப்பட்ட மயில் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

குட்டி மட்டும் ஓடியது. அதற்கு யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

காதறுந்த மானுக்கு எல்லாம் தெரியும். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று அதன் பாதிக் காதே சொல்லும். இருந்தும் அது மயில் பக்கம் திரும்பியது. ஒரு முறை இமைக்கும் நேரம்தான். தண்ணீர் வெடித்தது. வால் ஒன்று சுழன்றது. மந்தை சிதறி ஓடிய பிறகு பார்த்தால் குளத்தில் மானும் இல்லை, முதலையும் இல்லை. மேட்டில் நின்று குட்டி கத்திக்கொண்டிருந்தது.

அமைதிக் குழு வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே கூடியது.

"மானின் மரணத்துக்குக் காரணம் திடீர்க் கூச்சலால் ஏற்பட்ட அதிர்ச்சி!" என்று மயில் அறிவித்தது.

"ஐயா, ஓடச் சொல்லித்தானே கத்துனேன்!" என்றது குருவி.

"அனுமதி பெற்றாயா?"

"முதலை அனுமதி வாங்கிட்டா முங்குச்சு?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தது யாரென்று மயில் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பதினாறாம் நாள் நினைவேந்தல் முடிந்ததும் குருவி கரையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரு காலும் எதிர்த்து எழவில்லை. தாயில்லாக் குட்டிக்கு வேறொரு மான் பால் கொடுத்தது. அந்தக் காட்டில் அன்று யாரும் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பதினாறாம் நாள் வந்தது. விலங்குகள் எல்லாம் தண்ணீர் ஓரத்தில் வரிசையாக நின்றன. மயில் முன்னால் நின்று பேசியது. இறந்த மானைப் 'பயமின்மையின் சின்னம்' என்றது. எல்லோரும் பார்க்கட்டும் என்று குட்டியை முதல் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அதன் குளம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

"மறைந்த தோழிக்காக இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி!" என்றது மயில். எல்லாம் கண்ணை மூடித் தலை குனிந்தன.

குருவி கண்ணை மூடவில்லை. அதன் வயிற்றுக்கடியில் ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது. உள்ளேயிருந்து குஞ்சு கொத்துவது தெரிந்தது. காலையில்தான் முயல் வந்து, "இன்னைக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு. தலைவர்கிட்டப் பேசி நாலு நாள் கூட வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. நான்கு நாள் போதும். குஞ்சுகள் நடந்துவிடும்.

கண்மேடுகள் இரண்டும் தண்ணீரில் இறங்கின.

துக்க வீட்டில் கத்துவதா? இதற்கு மேல் பெரிய குற்றம் ஏது? பயத்தில் குருவிக்குப் பாதிக் குரல்தான் வந்தது. இருந்தும் கத்தியது.

"டிட்டீ! டிட்டீ!"

குட்டி பாய்ந்தது. பக்கத்தில் நின்ற பன்றி ஒரு கண்ணைத் திறந்தது. மயிலின் பக்கம் திரும்பப்போன கழுத்தைப் பாதியில் நிறுத்தியது.

"இன்னமும் யார் மூஞ்சியடா பாக்குறது? ஓடுங்கடா!"

கரையே கிளம்பியது. மான்கள், முயல்கள், கீரி, செயலாளர் எல்லாம் விழுந்தடித்து ஓடின. மந்தை நேரே கூழாங்கற்களை நோக்கி வந்தது. குருவி முட்டைகளை விட்டு நகரவில்லை. இரண்டு சிறகையும் அகல விரித்து நின்று கத்தியது. குளம்புகள் அதற்கு இரண்டு பக்கமாகப் பிரிந்து போயின. நான்கு முட்டைகளும் கிடந்த இடத்தில் கிடந்தன.

"மௌனம்! மௌனம்! மரியாதை தெரியாத கூட்டம்!" என்று மயில் கண்ணை மூடியபடியே அதட்டியது. பிறகு கண்ணைத் திறந்தது. கரையில் ஒருவரும் இல்லை. மயில் வாழ்நாளில் முதன்முறையாக அந்தத் தண்ணீரை உற்றுப் பார்த்தது. தண்ணீரிலிருந்து இரண்டு கண்கள் அதைப் பார்த்தன.

தோகையில் பாதியைக் குளத்தில் விட்டுவிட்டு அது பங்களாக் கூரைக்குப் பறந்தது. போகும் வழியெல்லாம் காடே அதிர அலறிக்கொண்டு போனது. அந்த அலறலுக்கு அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று கேட்கக் குழுவில் யாரும் மிச்சமில்லை.

பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே நிற்பவருக்கு, உண்மையிலேயே பயப்பட வேண்டியதற்குப் பயப்பட நேரம் கிடைப்பதில்லை.