பச்சை மைக் கடிதம்

லாபம் வேண்டாம், விஞ்ஞானம் வளர்ந்தால் போதும் என்று மூன்று பேராசிரியர்கள் தொடங்கிய ஆய்விதழ் அது. ஒரு கட்டுரையை மதிப்பிட்டவர் யாரென்று அறுபது வருடமாக அங்கே யாரும் வாய் திறந்ததில்லை.

துணைவேந்தர் கோதண்டபாணி, தன் கட்டுரையை நிராகரித்து யாரோ பச்சை மையில் எழுதியிருந்த மதிப்பீட்டுக் கடிதத்தை ஆட்டிக்கொண்டு இதழின் அலுவலகத்துக்கு வந்தார். "என் கட்டுரையைக் குப்பைன்னு எழுதினவன் யாரு? இப்பவே காட்டு. இல்லேன்னா மேலிடத்துல சொல்லி இந்த ஆபீசுக்குப் பூட்டுப் போட்டுடுவேன்!"

குமாஸ்தா அமலோற்பவம் நிதானமாக எழுந்தாள். "அவரைக் காட்டக் கூடாதுங்க சார். பாராட்டினவரை வேணும்னா காட்டறேன். கட்டுரையை மதிப்பிட நீங்களே சிபாரிசு பண்ணின சொக்கலிங்கம் சார், போன வாரம்தான் உங்களைப் புகழ்ந்து ஈமெயில் அனுப்பினாரு. உள்ளேதான் இருக்காரு."

உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. சுவரில் மாலை போட்ட படம். அவர் இறந்து இரண்டு வருடம்.

"நம்ம இதழ்லயே அஞ்சலி போட்டோம் சார். நீங்க படிக்கலை போல."

செத்தவர் பெயரில் போலி ஈமெயில் அனுப்பித் தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட துணைவேந்தருக்கு வியர்த்தது. படத்தின் கீழே சொக்கலிங்கம் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. பச்சை மை. கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். அதே சாய்ந்த எழுத்து. விரலில் மை ஈரமாக ஒட்டியது.

"அப்போ... இதை யாரும்மா எழுதினது?"

"அதைத்தான் சார் இங்கே சொல்றதில்லை."