தண்ணீர் வரும் நேரம்

செண்பகவல்லியிடம் கணினிப் பாடம் கேட்க வந்தவர்களில் வேதமுத்துதான் வயதில் மூத்தவர். குருவைவிடவும் மூத்தவர். அதனால் குரு சீடனை ‘சார்’ என்பார், சீடன் குருவை ‘டீச்சர்’ என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

வேதமுத்து செய்திருந்த காரியம் லேசுப்பட்டதல்ல. தெருக் குழாயில் எப்போது குடிநீர் திறப்பது என்று தானே முடிவெடுக்கும் மென்பொருள் ஏஜென்ட்டுகள், தெருவுக்கு ஒன்று. அவற்றைக் கட்டுவதுகூட அவரில்லை, அவர் எழுதிய ஒரு தாய் நிரல். நேற்று யாரும் அதிகம் தண்ணீர் பிடிக்கவில்லையா, அந்த ஏஜென்ட்டைப் பிரித்துப்போட்டு, வேறு நேரத்துக்குப் புதிதாக ஒன்றைக் கட்டிவிடும். மனுஷன் கை வைக்கவே வேண்டாம். நகராட்சியும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள் என்று விட்டிருந்தது.

அப்புறம்தான் சூசையம்மாள் வந்தார். சுண்ணாம்புக்காரத் தெருவில் இட்லிக்கடை வைத்திருப்பவர். காலிக் குடத்தை வேதமுத்துவின் மேசைமேல் வைத்தார். ஆறு மணிக்குக் காத்திருந்தால் தண்ணீர் ஐந்துக்கே வந்து போய்விட்டதாம். சரியென்று மறுநாள் ஐந்துக்கு எழுந்தால் ஏழுக்கு வந்ததாம். அரிசி ஊறப்போடக்கூட வழியில்லையாம்.

“கடையை மூடிட்டேன், நாளைக்கும் இப்படின்னா மக வீட்டுக்கே போயிடுவேன். இந்தாங்க சாவி, நீங்களே வச்சுக்குங்க.”

சொன்னபடியே கடைச் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வேதமுத்துவுக்கு அவமானமாக இருந்தது. உட்கார்ந்து தேடினார். ஒருநாள் தெருவே ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. ஆறு மணிக்கு ஆளில்லை என்று நிரல் ஐந்துக்கு மாறியிருக்கிறது. அது ஆளைத் தேடி நேரத்தை மாற்ற, ஆட்கள் தண்ணீரைத் தேடி நேரத்தை மாற்ற, அன்றிலிருந்து இரண்டும் சந்திக்கவே இல்லை.

குருவிடம் ஓடினார்.

“டீச்சர், அது நாளுக்கு ஒரு தடவைதான் தன்னை மாத்திக்குது. மணிக்கு ஒரு தடவை மாத்திக்கிற மாதிரி செஞ்சா ஆளைப் பிடிச்சிடும்ல?”

செண்பகவல்லி யோசிக்கிற மாதிரிகூடத் தெரியவில்லை. முதலில் கீழே போய் இரண்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

வேதமுத்து இரண்டு கையிலும் தம்ளரோடு வந்தார். வகுப்புக்கு வெளியே பழைய நாற்காலிகளை அடுக்கியிருந்ததால் வழி குறுகல். எதிரே குரு வந்தார். இவர் இடப்பக்கம் ஒதுங்கினார், அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். இவர் அந்தப் பக்கம் போனார், அவரும் வந்தார். வேதமுத்து அவசரப்பட்டு இன்னும் வேகமாக ஒதுங்க, குருவும் வேகமாக ஒதுங்க, சூடான டீ கையில் கொட்டியது.

“திரும்பிப் போய் மறுபடி வாங்க சார்” என்றார் குரு.

என்ன விளையாட்டு இது என்று முணுமுணுத்தபடி வேதமுத்து மறுபடி வந்தார். இந்தத் தடவை செண்பகவல்லி அசையாமல் நின்றார். வேதமுத்து பக்கவாட்டில் சுலபமாகக் கடந்து போனார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

போனவர் அங்கேயே நின்றுவிட்டார். முகத்தில் சந்தேகம் போகவில்லை.

“அப்ப ஒரு பக்கம் நிக்கணும். சரி. தெருவை நிக்கச் சொல்ல முடியாது, நிரலைத்தான் நிறுத்தணும். அதுவும் சரி. ஆனா அப்படி நின்னுட்டா அது எதையும் கத்துக்காதே டீச்சர்? பழைய குழாயும் இதுவும் ஒண்ணுதானே?”

செண்பகவல்லி ஒரு தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“நான் நின்னப்போ கண்ணை மூடிக்கிட்டா சார் நின்னேன்?”

“அப்ப நேரம் ஆறுலயே நிக்கட்டும், யார் எப்ப வர்றாங்கங்கிற கணக்கு மட்டும் ஓடட்டும்” என்றார் வேதமுத்து. தன் டீயை ஜன்னல் திட்டில் வைத்தார். சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, சுண்ணாம்புக்காரத் தெருப் பக்கம் வேகமாக நடந்தார்.