பரவாயில்லை என்றவர்கள்

“எல்லாரும் பாராட்டுறாங்க டீச்சர். ஆனா யாரும் திரும்பி வரமாட்டேங்கிறாங்க.”

குணாளன் உருவாக்கியது, பார்வை குறைந்தவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டும் செயலி. செல்போனைக் காகிதத்தின் மேல் பிடித்தால் அது வாசிக்கும். முடிந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்கும். வருகிற பதிலை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதமாகியும் அது திருந்துகிற வழியாக இல்லை.

நப்பின்னை டீச்சர் அவனைவிடப் பத்து வயது சின்னவர். குணாளனுக்கு அதில் கூச்சமெல்லாம் கிடையாது. எங்கே முட்டிக்கொண்டாலும் அவரிடம்தான் ஓடுவான்.

என்ன சொல்லிப் பாராட்டுகிறார்கள் என்று டீச்சர் கேட்டார். பெரும்பாலும் பரவாயில்லை என்பார்கள், செயலி அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் என்றான்.

டீச்சர் எழுந்து போய் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. குணாளன் முகம் கோணாமல் விழுங்கினான். நல்ல வளர்ப்பு.

“எப்படி இருக்கு?”

“பரவாயில்லை டீச்சர்.”

சொன்ன பிறகுதான் அவனுக்குக் காது சிவந்தது.

டீச்சர் அவனிடமிருந்த, திரும்பி வராதவர்களின் பெயர்ப் பட்டியலை வாங்கி, ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

சவரியம்மாள். உள்ளூர்தான். மகள் கோபித்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். அவளிடமிருந்து வந்த கடிதத்தை அக்கம்பக்கத்தில் காட்டக் கூசி, செயலியிடம் காட்டியிருக்கிறார். அன்றோடு சரி.

குணாளன் சவரியம்மாள் வீட்டுக்குப் போய், செயலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை தம்பி என்றார். நேற்றாக இருந்தால் குறித்துக்கொண்டு கிளம்பியிருப்பான். இன்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“அது படிச்சதுல எது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சும்மா?”

சவரியம்மாள் மடியிலிருந்த ஜெபப் புத்தகத்தைத் தடவினார்.

“எழுதுனதத்தானப்பா அது படிக்கும். ‘அம்மா, வருத்தப்படுத்தாதே’ன்னு எழுதியிருக்கா. அதான் போன் பண்றத விட்டுட்டேன்.”

கடிதத்தைக் கேட்டு வாங்கினான். ஜெபப் புத்தகத்துக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார். ஒரே கோழிக் கிறுக்கல். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தான்.

“‘அம்மா, வருத்தப்படாதே’ன்னுதாம்மா இருக்கு.”

அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தான். மூன்றாம் தடவை படிக்கும்போது அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

சவரியம்மாள் செல்போனைத் தடவி எடுத்து, மகளுக்குப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது.

“உன் செயலிக்கும் சொல்லிக் குடுத்துடு தம்பி” என்றார் அவனிடம். “இன்னொரு அம்மாகிட்ட போயி இப்படிப் படிச்சிடப்போவுது.”