இன்ஸ்பெக்டர் வீட்டு வாசல் விளக்கு

ஊருக்கு வெளியே, கரடு என்கிற சின்னப் பாறைக்குன்றின் அடியில் இருக்கும் ஆசிரமத்துக்கு ஏகாம்பரம் வருகிறார் என்றால் ஒரு பர்லாங் முன்னாலேயே தெரிந்துவிடும். அவர் டார்ச் அப்படி. முப்பத்தைந்து வருஷம் போலீஸில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற மனுஷன். பழக்கம் சும்மா விடுமா? பூச்சியோ பூசாரியோ, எதிரே வந்தால் முதலில் மூஞ்சியில் வெளிச்சம் அடிப்பார். அப்புறம்தான் வணக்கம்.

ஆசிரமத்து அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அம்மைதான் குரு, ஏகாம்பரம்தான் சீடர். அன்று சாயங்காலமும் டார்ச் வெளிச்சம் நேராக அம்மையின் முகத்தில் விழுந்தது.

"அம்மா, ஒரு கேள்வி."

"முதல்ல அதை அணைங்க ஐயா."

அணைத்தார்.

"என் மக மங்கை, தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த வாசப்படி மிதிக்காதேன்னு கத்தினேன். பாழாப்போன வாய்! மறுநாளே கோபம் போயிடுச்சு. ஆனா போன் பண்ண இன்னிக்கு வரைக்கும் மனசு கூசுது. அவ வந்தா வரட்டும்னு கேட்டைப் பூட்டுறதே இல்லை. பொழுது சாய்ஞ்சா பெரிய விளக்கா போட்டு வைக்கிறேன். தெருமுனை வரைக்கும் பட்டப்பகல் மாதிரி இருக்கும். ஏம்மா வர மாட்டேங்குறா?"

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அம்மை ஏகாம்பரத்தின் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார்.

"ஐயா, தெருமுனைக்குப் போய், அங்கேயிருந்து உங்க வீட்டுக்கு நடந்து வாங்க."

இதென்ன கூத்து என்று தோன்றியது. குரு பேச்சைத் தட்ட முடியுமா? போனார். திரும்பினார்.

வாசல் விளக்கின் வெளிச்சம் கண்ணில் அறைந்தது. கையைத் தூக்கி மறைத்துக்கொண்டார். கேட் தெரியவில்லை. கதவு தெரியவில்லை. பார்த்துப் பார்த்துக் கட்டிய சொந்த வீடு, ஒரு செங்கல்கூடத் தெரியவில்லை! தட்டுத்தடுமாறி நாலடி வைத்தார்.

"யாரது? நில்லு அங்கேயே!"

ஏகாம்பரம் நின்றுவிட்டார். குரல் அம்மையுடையதுதான். அதட்டல் ஏகாம்பரத்தின் பழைய போலீஸ் அதட்டல். ஸ்டேஷனில் எத்தனை பேரை விளக்குக்கு எதிரே இப்படி நிற்க வைத்திருக்கிறார்!

"போதும்மா," என்றார்.

அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்து விளக்கை மாற்றிக் கொடுத்தார். புதிய விளக்கு யாரும் இல்லாதபோது மினுக்கென்று எரியும். கேட் பக்கம் ஆள் நடமாடினால் தானாகக் கூடும். அசைவு நின்றால் மறுபடி மங்கிவிடும். வெளிச்சம் வாசப்படியில் மட்டும் விழும்படி அம்மை அதைத் தாழ்த்தி வைக்கச் சொன்னார்.

"இன்னொண்ணு ஐயா. விளக்கு கூடினா, நீங்க நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக் கூடாது."

"யாருன்னு பார்க்க வேணாமா?"

"வேணாம்."

அப்பப்பா, அவர் பட்ட பாடு! ஒரு நாள் நாய். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பூனை. விளக்கு கூடும்போதெல்லாம் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை, ஏழு மணி இருக்கும். விளக்கு கூடியது. பிறகு மங்கியது.

போய்விட்டது, பூனைதான் என்று நினைத்தார். போன சத்தம் கேட்கவில்லை. யாரோ அசையாமல் நிற்கிறார்கள்! யாரது என்று கேட்க வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுபடி கூடியது. மங்கியது. மறுபடி கூடியது. இந்தத் தடவை மங்கவில்லை. படியில் செருப்பைக் கழற்றி விடும் சத்தம் கேட்டது.

"அப்பா."

அப்போதுதான் ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மறுநாள் இருட்டும் வேளையில் ஆசிரமத்துக்கு ஓடினார். அம்மை கரட்டுப் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, வந்துட்டா! அடுத்த தெரு அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கு வெள்ளி வர்றாளாம். ரெண்டு வருஷமா, ஒரு வாரம் தவறாம, எங்க தெருமுனை வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கா. அவ வருவாளான்னு பார்த்துக்கிட்டு நானும் வாசல்லயேதானே உட்கார்ந்திருந்தேன்! அவ்வளவு வெளிச்சத்துல என் மக எப்படிம்மா என் கண்ணுல படாம போனா?"

அம்மை அவர் கையைப் பார்த்தார்.

"டார்ச் எங்கே ஐயா?"

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். கை வெறுங்கையாக இருந்தது.

"வந்த வேகத்துல... மறந்துட்டேன்."

"அப்போ இந்தக் கல்லுலயும் முள்ளுலயும் எப்படி நடந்து வந்தீங்க?"

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். மங்கலான அந்தி வெளிச்சத்திலேயே, வந்த பாதை ஊர் வரைக்கும் வெள்ளையாகத் தெரிந்தது. கையில் டார்ச் இருந்திருந்தால், அதன் வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரிந்திருக்காது.