செவ்வாய்க்கிழமை மெசேஜ்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அவசர வழிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்பிய இரண்டு பெண்களுக்கு வேலை போயிற்று. அதிலிருந்து தையல்காரிகள் போனைத் தொடவே பயந்தார்கள்.

ஒருநாள் மேனேஜர் தங்கவேலு மெஷின்களை நிறுத்தச் சொன்னார். "மெசேஜுக்குப் பூட்டு இருக்கு, வேற யாரும் படிக்க முடியாதுன்னு தைரியமா? எல்லாத்தையும் படிக்கிற மெஷின் எங்கிட்ட இருக்கு. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாராமே. வரச் சொன்னது யாரு? சொல்லலேன்னா மொத்தப் பேரும் வீட்டுக்குப் போகலாம்."

தையல்காரி நாகமணி எழுந்தாள்.

"நான்தானுங்க. அவர் வர்ற நாளைப் பத்துப் பேருக்குத் தனித்தனியா மெசேஜ் அனுப்பினேன். ஒம்பது பேருக்குத் திங்கள்னு எழுதினேன். செவ்வாய்னு எழுதினது ஒருத்திக்கு மட்டும்தானுங்க. உங்க மெஷின் அந்த ஒண்ணைத்தான் படிச்சிருக்குது."

மேனேஜரின் பார்வை அவரையும் மீறி செக்கிங் மேசையில் இருந்த கோகிலாவிடம் போனது. ஹாலே அந்தப் பக்கம் திரும்பியது. கோகிலா தலையைத் தூக்கவில்லை.

"நீங்க பூட்டை ஒடைக்கலீங்க, ஆளைத்தான் ஒடைச்சிருக்கீங்க," என்றாள் நாகமணி.

கேட்டில் ஒரு அரசாங்க ஜீப் வந்து நின்றது. அன்றைக்குத் திங்கட்கிழமை.