புலி காவல் வைத்த குட்டை

மூங்கில்பள்ளத்துக் காட்டில் ஒரு சேற்றுக்குட்டை இருந்தது. குட்டையைச் சுற்றிலும் கோரை. அந்தக் கோரையைக் கிளறிக் கிழங்கு தின்று ஒரு பன்றிக் கூட்டம் அங்கே பிழைத்துவந்தது.

கோரைக்கிழங்கு தின்று வளர்ந்த உடம்புக்குத் தனி வாசனை உண்டு. மழை விழுந்த மண்ணும், அப்போதுதான் வெட்டிய வேரும் கலந்த மாதிரி இருக்கும். அந்த வாசனைதான் கூட்டத்துக்கு எமன். அதை மோப்பம் பிடித்துச் சிறுத்தை வரும், செந்நாய் வரும், எப்போதாவது புலியும் வரும். பொழுது விடிந்தால் ஒரு குட்டியோ ஒரு தாயோ இருக்காது. மற்றவை கொஞ்சநேரம் உறுமிவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விடும். வேறு என்ன செய்ய?

கூட்டத்தில் மூத்தவன் கருமூக்கன். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவான். இருந்தும் ஒரு குட்டியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே என்ற அரிப்பு அவனுக்கு. படுத்தாலும் புரண்டுகொண்டே இருப்பான்.

ஒருநாள் காலையில் குட்டையை ஒட்டிய ஓடைக்கரையில் இதமொழி வந்து நின்றது. இதமொழி, புலியிடம் வேலை பார்க்கும் நரி.

“கருமூக்கண்ணே! சண்டைக்கு வரல. சமையலுக்குக் கூப்பிட வந்தேன்!”

“யாரைச் சமைக்க?” என்று கேட்டாள் கிழிகாதி. கருமூக்கனின் தங்கை. செந்நாயிடமிருந்து பிய்த்துக்கொண்டு ஓடியதில் ஒரு காது இரண்டாகப் போனவள்.

“தங்கச்சிக்கு எப்பவும் வேடிக்கைதான்!” என்று சிரித்தது நரி. “பெரியவர் விருந்து வைக்கிறாரு. மேற்குமலையிலிருந்து சிறுத்தைங்க வருது, செந்நாய்ங்க வருது. எல்லை சமாதானம்! எஸ்டேட் பங்களா விருந்தை வேலியோரம் ஒளிஞ்சிருந்து பார்த்தேன் அண்ணே. கொத்துக்கறியைக் குடல்ல அடைச்சு, விரல் நீளத்துக்குக் கட்டி, மேல கொழுப்புப் பட்டையைச் சுத்தி, தணல்ல வாட்டி, குச்சி குத்திக் கையில குடுத்துடுறாங்க. இலை போடுறதுக்கு முன்னாடியே, நின்னுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டுத் தின்னுறாங்க! பெரியவர்கிட்ட சொன்னேன். அன்னையிலிருந்து அவருக்குச் சுத்துக்கறி நெனப்புதான்.”

“அதுக்கு நான் எதுக்கு?”

“சமைக்கிறவன் வாயில வச்சுப் பார்த்தா அது எச்சில் ஆயிடும். பெரியவர் ஒத்துக்கமாட்டாரு. உப்பு ஏறிடுச்சா, கறி பதமா இருக்கான்னு மோந்தே சொல்லணும். அந்த மூக்கு இந்தக் காட்டுல உனக்கு மட்டும்தான் இருக்கு!”

காட்டில் யாரும் இதுவரை கருமூக்கனிடம் எதையும் கேட்டு வந்ததில்லை. எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள்.

“வர்றேன். ஆனா பெரியவர் இந்தக் குட்டைக்குக் காவல் குடுக்கணும்.”

மறுநாளே புலி வந்தது. குட்டையைச் சுற்றி நடந்தது. கோரைக்குக் கோரை நின்று பின்காலைத் தூக்கி நனைத்தது. நாவல் மரத்தில் நகத்தால் கோடு இழுத்தது. புலி குறி வைத்த இடத்தில் வேறு எவரும் வேட்டைக்கு வரக்கூடாது. அது காட்டுச் சட்டம்.

“இந்த எல்லைக்குள்ள எவனும் பல்லு வைக்கமாட்டான். நானும்தான்!” என்று சொல்லிவிட்டுப் புலி போனது.

கருமூக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். கூட்டம் நடுக்குட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

“அண்ணே, மூச்சு விட முடியல,” என்றாள் கிழிகாதி. “நாலு பக்கமும் புலி நாத்தம். குட்டிங்க பால் குடிக்கமாட்டேங்குது.”

“நாத்தம்னு சொல்லாதே! அது காவல். போகப் போகப் பழகிடும்.”

“பழகிட்டா? அப்புறம் நெசமாவே புலி வந்து நின்னா எப்படித் தெரியும்?”

கருமூக்கனுக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாத கேள்விக்கு வருகிற கோபம். “உங்களுக்காகத்தான் போறேன்! நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தரும் குட்டையைத் தாண்டக்கூடாது!” என்று கத்திவிட்டு நரியின் பின்னால் நடந்தான்.

புலிக் குகைக்குப் பக்கத்தில் பாறை இடுக்குதான் சமையலிடம். காட்டுத்தீயில் எரிந்த வேங்கை மரக்கட்டை தணலாகக் கிடந்தது. கொழுப்புப் பட்டையைச் சுற்றுவதற்கு விரல் வேண்டுமே? அதற்கு ஒரு மந்தியைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

“நான் கறியைத் தொடுவேன், தின்னமாட்டேன். சுத்தமான ஆளு!” என்றது மந்தி. கேட்காமலே சொன்னது.

வேலை ஆரம்பித்தது. கடமான் கறியைக் கொத்தி, காட்டுமிளகும் உப்புமண்ணும் கலந்து, கழுவிய குடலில் அடைத்தார்கள். கருமூக்கன் குனிந்து குனிந்து மோந்தான். “இன்னும் கொஞ்சம் மிளகு... போதும்! நிறுத்து!” அவனுக்கே ஆச்சரியம். நன்றாக வந்தது. தான் ஒரு வேலையில் கெட்டிக்காரன் என்று தெரிந்துகொள்வதில் ஒரு போதை இருக்கிறது. அதுவும் வயசான பிறகு தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் சுற்று நிற்கவில்லை. கடமான் கொழுப்பு தணலில் வைத்ததும் சுருண்டு கழன்றது. வரையாட்டுக் கொழுப்பு உருகிச் சொட்டி நெருப்பைக் கிளப்பியது. குடல் வெடித்துக் கறி சாம்பலில் கொட்டியது. மறுபடி மறுபடி அதேதான். மந்தி விரலைச் சுட்டுக்கொண்டு கருமூக்கனின் பரம்பரையையே திட்டியது.

இதமொழி எட்டிப் பார்த்தது. “அண்ணே, விருந்தாளிங்க கிளம்பிட்டாங்க. சுத்துக்கறி எங்க?”

“சுத்து நிக்கமாட்டேங்குது.”

“வாக்குன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல? சுத்துக்கறி இல்லேன்னா குட்டைக்குக் காவலும் இல்ல. பெரியவர் சொல்லச் சொன்னாரு.” நரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டது. “எந்தக் கொழுப்பு நிக்கும்னு உனக்குத் தெரியாதா?”

கருமூக்கனுக்குத் தெரியும். முதல் சுற்றுக் கழன்று விழுந்தபோதே தெரியும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் வரிவரியாகப் படிந்து, சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் கொழுப்பு காட்டில் ஒரே சாதிக்குத்தான் உண்டு.

“வாயில என்ன, கொழுக்கட்டையா மாமா?” என்றது மந்தி.

கருமூக்கன் நரியைப் பார்க்கவில்லை. தணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அக்கரையில நண்டுதின்னிங்க கூட்டம் ஒண்ணு இருக்கு.”

“அப்படியா!”

“பேருதான் பன்னி. எங்க சனம் இல்ல அதுங்க. செத்த மீனு, நண்டு, கண்டதையும் தின்னுங்க. எங்களுக்கும் அதுங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

“அக்கரை. நீயே சொன்னது!” நரி எழுந்து வாலை உதறியது. “மந்தி, நீ சாட்சி!”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. காதெல்லாம் புகை!” என்றது மந்தி.

கருமூக்கனுக்கு அன்று கிழங்கு இறங்கவில்லை. ஆனால் மனசைச் சமாதானம் செய்துகொள்ள அதிகநேரம் ஆகவில்லை. நண்டுதின்னிகளை எப்படியும் செந்நாய் தின்னத்தான் போகிறது. நான் சொல்லாவிட்டால் நரி சொல்லியிருக்கும். நம் குட்டிகள் தூங்கவேண்டாமா? இப்படியெல்லாம் நினைத்தான். கடைசிக் காரணம் வந்தபோது தூங்கிவிட்டான்.

விருந்தன்று மதியம் தேக்கிலையில் மடித்த கொழுப்பு வந்து சேர்ந்தது. தோல் சீவி, ஓடைத்தண்ணீரில் கழுவி, பட்டை பட்டையாக அறுத்திருந்தார்கள். கருமூக்கன் மோந்து பார்த்தான். இத்தனை நாள் புகையில் நின்றதில் மூக்கு அடைத்துக்கிடந்தது. வெறும் கொழுப்பு என்று மட்டும் தெரிந்தது. அதற்குமேல் தெரிந்துகொள்ள அவனும் பிரயாசைப்படவில்லை.

மந்தி சுற்றியது. காரைமுள்ளைக் குத்தியது. தணல்மேல் வரிசையாக அடுக்கியது.

பட்டை நின்றது! ஓரம் மடங்கி, இறுகி, குடலைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

“நின்னுடுச்சு! பார்த்தியா, நின்னுடுச்சு!” கருமூக்கன் வாலைச் சுழற்றிக்கொண்டு குதித்தான்.

அப்போதுதான் முதல் சொட்டுக் கொழுப்பு தணலில் விழுந்தது. புகை எழுந்து நேராக அவன் முகத்தில் அடித்தது.

மழை விழுந்த மண். வெட்டிய வேர்.

கோரை.

“இதமொழி!” என்று அலறினான். “எங்க புடிச்சீங்க?”

நரி ஓடிவந்தது. “அக்கரையில. நீ சொன்ன இடத்துல.”

“பொய்! இது எங்க குட்டை! எங்க கிழங்கு!”

“குட்டைப் பக்கம் ஒரு கால்கூடப் போகல அண்ணே. பெரியவர் வாக்கு வாக்குதான். போனாலும் அங்க யாரு இருக்கா? நீ இங்க வந்ததுமே உன் சனமெல்லாம் ஓடையைத் தாண்டிடுச்சே! நாலு பக்கமும் புலி நாத்தம் அடிச்சா எந்தப் பன்னி படுக்கும்? அக்கரை நண்டுதின்னிங்கதான் பாவம் பார்த்து எடம் குடுத்துச்சுங்க. ஒரே புதர்ல ஒண்ணா கிடந்துச்சுங்க.”

“ஒண்ணாவா?”

“பின்ன? நீதான் எங்க சனம், உங்க சனம்னு பிரிக்கிறே. எங்களுக்கு எல்லாம் பன்னிதான்.”

“கிழிகாதி? அவ காது...”

“காதெல்லாம் யாரு பார்த்தா அண்ணே!”

நரி மிகப் பக்கத்தில்தான் நின்றது. கருமூக்கனுக்கு நல்ல நீளமான கொம்புப்பல் இரண்டு இருந்தது. தணலை ஒரே மிதியில் கலைத்துவிடலாம். நரியின் வயிற்றை ஒரே வீச்சில் கிழித்துவிடலாம். கழுத்து மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

“மாமா, ஒரு பக்கம் கருகுது!” என்று கத்தியது மந்தி.

“திருப்பு,” என்றான் கருமூக்கன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை. மூக்கு சொன்னது, வாய் சொல்லிவிட்டது. மந்தி திருப்பியது. பதமாக வந்தது.

விருந்து அமர்க்களப்பட்டது. சிறுத்தைகள் நின்றுகொண்டே தின்றன. செந்நாய்கள் அடுத்த ஈடு எப்போது என்று கேட்டன.

“என்ன வாசனை! இது எந்த ஊர் மசாலா?” என்று கேட்டது ஒரு கிழச்சிறுத்தை.

“சமையல்காரனைக் கூப்பிடு!” என்றது புலி.

கருமூக்கன் வந்து நின்றான். எல்லோரும் உறுமிப் பாராட்டினார்கள். புலி ஒரு சுற்றுக்கறியை எடுத்து அவன்முன் போட்டது. “விருந்து முடிஞ்சுது. இனிமே எச்சில் இல்ல. தின்னு!”

அத்தனை கண்களும் அவன்மேல் இருந்தன. கருமூக்கன் குனிந்தான். வாயில் எடுத்தான். விழுங்கினான்.

“உப்பு எப்படி?”

“சரியா இருக்கு,” என்றான்.

உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் குட்டைக்குத் திரும்பினான். புரள ஆள் இல்லாமல் சேறு அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துகிடந்தது. அந்தத் தண்ணீரில் தன் முகத்தை அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தான். புகை படிந்த முகம். கோரை யாரும் தோண்டாமல் தளதளவென்று வளர்ந்திருந்தது. நாவல் மரத்தில் புலி இழுத்த கோடு அப்படியே இருந்தது. காற்று மாறி மாறி அடித்தது. புலி நாற்றம் அவனுக்குத் தெரியவில்லை. பழகிப்போயிருந்தது.

சொன்ன சொல் தவறாமல் குட்டையை யாரும் சீண்டவில்லை. கருமூக்கன் அங்கே பத்திரமாக இருந்தான். ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டு, பத்திரமாக இருந்தான்.

கொஞ்சநாள் கழித்து ஓடைக்கரையில் இதமொழி வந்து நின்றது. “அண்ணே! இப்ப மேற்குமலையில விருந்து. சிறுத்தைங்க உன்னைத்தான் கேக்குறாங்க!”

கருமூக்கன் சேற்றில் மறுபக்கம் புரண்டு படுத்தான்.

“யோசிக்காதே. குட்டைக்குக் காவல் நீடிக்கணும்ல?”

கருமூக்கன் குட்டையைப் பார்த்தான். பிறகு எழுந்து, சேற்றை உதறிக்கொண்டு, நரியின் பின்னால் நடந்தான்.

தன் சனம் பிழைக்க அடுத்த சனத்தைக் காட்டிக்கொடுத்தவனுக்குக் கடைசியில் காப்பாற்ற இடம் மிஞ்சும், காப்பாற்ற ஆள் மிஞ்சாது.