பக்கத்து அறை

"மேடம், என்னை ஏன் இன்னும் தனியா விட மாட்டேங்கிறீங்க?"

கேட்டவர் டாக்டர் சுடலைமணி. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் தனி ஆளாக வேலை பார்த்தவர். மேற்பயிற்சிக்காக வேல்ஸ் நாட்டுக் கடலோர ஊர் ஒன்றுக்கு வந்து, மறுபடியும் மாணவராக நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் டாக்டர் துஷ்யந்தி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். சுடலைமணியைவிட ஐந்தாறு வயது இளையவர்.

அவர் சரி என்றால்தான் சுடலைமணி தனியாக டியூட்டி பார்க்கலாம். அதன் பிறகுதான் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்வதாக இருந்தார். எப்போது வரலாம் என்று மகள் ஃபோனில் கேட்பதை நிறுத்தியே கொஞ்ச நாளாகிவிட்டது.

துஷ்யந்தி கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"உங்கட ஊர் ஆஸ்பத்திரியில, ஏலாமப் போனா ஆரைக் கூப்பிடுவீங்கள்?"

"யாரையும் கூப்பிட்டதே இல்லை மேடம்." சொல்லும்போது சுடலைமணியின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அதாலதான்" என்றார் துஷ்யந்தி. கை கழுவப் போய்விட்டார்.

சுடலைமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் போய் நின்றார்.

"நான் செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு."

துஷ்யந்தி யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"பிழை ஒண்டும் இல்லை. நல்ல கை உங்களுக்கு."

"அப்புறம்?"

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

சுடலைமணி குடிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் குடல்வால் வலியோடு ஒருவரைக் கொண்டு வந்தார்கள். மீன்பிடிப் படகில் சமையல்காரர். ஆள் ஆஜானுபாகு. கழுத்து எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு.

"எழுந்ததும் சாப்பாடு உண்டா டாக்டர்?" என்று கேட்டுச் சிரித்தார் அவர்.

துஷ்யந்தி நோயாளியைப் பார்த்தார். சுடலைமணியைப் பார்த்தார்.

"நான் பக்கத்து அறையில இருக்கிறன்."

ஒவ்வொரு தடவையும் அவர் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒவ்வொரு தடவையும் சுடலைமணிக்குச் சுருக்கென்று இருக்கும்.

சமையல்காரர் தூங்கிப்போனார். சுடலைமணி அவர் வாயைத் திறந்து, மூச்சுக்குழாயை இறக்கப் பார்த்தார். போகவேண்டிய வழி கண்ணில் படவில்லை. எங்கும் சதை.

முகமூடியை வைத்து அழுத்திக் காற்றைக் கொடுத்தார். இரண்டாம் தடவை பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

மானிட்டரின் சத்தம் மெல்லக் கம்ம ஆரம்பித்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது என்று அர்த்தம்.

மறுபடியும் முகமூடி. காற்று கஷ்டப்பட்டுத்தான் போனது.

"கூப்பிடட்டுமா?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற நர்ஸ் மெகன்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார் சுடலைமணி. அவர் கண் தன்னால் கதவுக்குப் போனது.

ஊரிலும் இப்படித்தான் போகும். சிக்கலான நேரத்தில் அங்கிருந்த ஆபரேஷன் அறையின் பச்சைக் கதவைப் பார்ப்பார். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். அடுத்த மயக்க டாக்டர் இருந்தது வேறு ஊரில். கதவைப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டு, வேலையை முடிப்பார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கதவு ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

"கூப்பிடுங்க" என்றார். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது.

மெகன் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார்.

அழுத்திய கை இறங்குவதற்குள் கதவு திறந்தது.

துஷ்யந்தி வந்தார். சுடலைமணியின் தோளோடு தோளாக நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றையும் தொடவில்லை.

சுடலைமணிக்கு மூச்சு வந்தது. பிடரியில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. கண் தெளிந்தது.

"மெகன், தோளுக்கு அடியில இன்னும் ரெண்டு தலையணை வையுங்க. தலை நல்லா உயரட்டும்."

வைத்தார்கள். மூன்றாம் தடவை பார்த்தார்.

வழி தெரிந்தது. குழாய் இறங்கியது. அந்தப் பெரிய மார்பு இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கியது. மானிட்டரின் சத்தம் படிப்படியாக மேலே ஏறியது.

ஆபரேஷன் முடிந்து, சமையல்காரர் கண் விழித்து, முதல் காரியமாகச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

சுடலைமணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நடைக்கு வந்தார். அங்கே கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் களைப்பு ஒரே நாளில் கழன்று விழுந்த மாதிரி இருந்தது உடம்பு.

துஷ்யந்தி இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு வந்தார். சுடலைமணி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"நீங்க ஒண்ணுமே செய்யலையே மேடம்."

"கூப்பிட்டீங்கள். வந்தன்."

இருவரும் குடித்தார்கள். வெளியே கடற்பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

"வாற திங்களில இருந்து நீங்கள் தனியவே டியூட்டி பாக்கலாம்" என்றார் துஷ்யந்தி.

சுடலைமணி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இன்னைக்குத்தானே முதல் தடவையா உங்களைக் கூப்பிட்டேன்?"

"ஓம்" என்றார் துஷ்யந்தி. "இண்டைக்குத்தான்."